மெஷினுக்கு நாள் மாறும் நேரம்

டவுண் தெற்கு ரத வீதியில் தில்லைநாயகம் அண்ணாச்சியின் மருந்துக்கடைக்குக் காலையில் மருந்து வாங்க வருகிறவர்களைவிடச் செய்தி கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். அரசியல் செய்தியை அவர் தொடமாட்டார். "அது சவம், நேத்துப் போட்டதத்தான் இன்னைக்கும் போட்டிருப்பான்" என்பார். அவருக்கு வேண்டியது விஞ்ஞானச் செய்தி. பேப்பரின் உள்பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்கு மேலே, உலகத்தின் எந்த மூலையிலோ எவனோ எதையோ கண்டுபிடித்துவிட்டான் என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தலைவலி மாத்திரைக்கு நிற்கிறவருக்கும் கேட்கும்படி அதை வாசிப்பார். கண்ணாடியை இறக்கும்போது தீர்ப்பு வரும்.

தச்சநல்லூரில் அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். எம்.ஏ. முடித்துவிட்டு எங்கெங்கோ விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த எனக்கு, அவர் கடை ஓரத்து ஸ்டூல்தான் ஆபீஸ்.

தொண்ணூற்றேழாம் வருஷம் விஞ்ஞானம் அவருக்கு வஞ்சகம் வைக்கவில்லை. முதலில் ஆடு வந்தது.

"ஒரு ஆட்டுலேர்ந்து அதே மாதிரி இன்னொரு ஆட்டை உண்டாக்கிட்டானாம்வே. அப்பன் கெடையாது. அச்சு அசல் ஆத்தா." கண்ணாடி இறங்கியது. "இதுல என்ன அதிசயம்? எங்க மச்சினன் அச்சு அசல் அவன் ஆத்தாதான். பந்தியில உக்காந்து கொறை சொல்லுதது உட்பட."

கோடையில், சதுரங்கத்தில் உலக சாம்பியனைக் கம்ப்யூட்டர் தோற்கடித்துவிட்டது என்று வந்தது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "சரி, ஜெயிச்சுட்டு. ஜெயிச்ச பொறவு அது என்ன செஞ்சுதுன்னு எவனாவது போட்டிருக்கானா? ஒரு காப்பி குடிச்சுதா? வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிச்சா? ஜெயிச்சோம்னே தெரியாத ஒண்ணுகிட்ட தோக்கது இருக்கே, அதுதாம்வே கேவலம்."

மதராஸில் செல்போன் வைத்திருப்பவர்கள் தமக்கு வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்கிறார்கள் என்று படித்தபோது, "நம்மளக் கூப்பிட்டு ஏசுதவனுக்கும் நாமதான் குடுக்கணுமா? நல்லாருக்கே" என்றார். பேப்பருக்குள் நான் ஒளித்து வைத்துப் படித்த கவிதைப் பத்திரிகையும் ஒரு நாள் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கம் புரட்டினார். "என்னவே இது, ஒவ்வொரு வரியும் பாதியில நிக்கு? எழுதும்போது கரண்டு போயிட்டா?" கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது என்பதுதான் அவரிடம் உள்ள சிக்கல். அவர் மேல் கோபப்பட முடியாது.

அவருடைய குடும்பம் சேரன்மகாதேவியில் வயலும் வாய்க்காலுமாக இருந்த குடும்பம். அவர் தலையெடுத்தபோது வயல்கள் கை மாறியிருந்தன. இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற பேர் மட்டும் மிச்சம். மதுரையில் மருந்துப் படிப்புப் படித்துவிட்டு மாமனார் கடையில் வந்து உட்கார்ந்தார். "நல்ல காலம் எங்க வீட்டைத் தாண்டிப் போச்சு. நான் அப்போ தூங்கிக்கிட்டிருந்தேன். எழுப்புததுக்கு ஆளில்லை" என்று தன்னைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்.

ஒரே மகள் மதுமதி. கணக்கில் பட்டம் வாங்கி, மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தினாள். இருபத்தாறு வயது. நட்சத்திரம் மகம். இரண்டு வருஷமாக ஜாதகம் வெளியே போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. ஒரு வீட்டில் உயரம் போதாது என்றார்கள், இன்னொரு வீட்டில் படிப்பு கூடிப்போயிற்று என்றார்கள். கடையில் இதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவிடாமல்தான் அவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனித் தேரோட்டத்தை ஒட்டிய நாட்களில் ஒரு காலை, செவ்வாய்க் கிரகத்தில் வண்டி இறங்கிவிட்டது என்று முதல் பக்கத்திலேயே வந்தது. சிவப்பு மண்ணும் கல்லுமாகப் படம்.

"நம்ம பொண்ணுகளுக்கெல்லாம் செவ்வா தோஷம் குடுக்க கெரகம் இதான். பாத்துக்கிடும். நாங்குநேரிப் பக்கத்துக் காடு மாதிரி இருக்கு. இந்தப் பொட்டலுக்குப் பயந்தா எத்தனை பேரு கல்யாணம் ஆகாம இருக்கா?"

கூட்டம் ரசித்துக்கொண்டிருந்தபோது தரகர் வந்தார். சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, அவரை ஓரமாக அழைத்தார். ஓரம் என்றால் என் ஸ்டூல் இருந்த இடம்தான்.

"அம்பாசமுத்திரத்துல ஒரு எடம் அண்ணாச்சி. பையன் குமரகுருபரன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி. தாயார் கோமு ஆச்சி மட்டுந்தான். தகப்பனார் இல்லை. பொண்ணு படம் ரெண்டு பேருக்கும் பிடிச்சுட்டு. ஆனா கையெழுத்து ஜாதகம் வேண்டாங்காவ. கம்ப்யூட்டர் ஜாதகம் கேக்காவ."

"ஏன், என் ஜாதகத்துக்கு என்ன கேடு?"

"இப்ப ஆளுக்குத் தக்கன எழுதிக் குடுத்துருதாங்கள்லா. மெஷின்ல போட்டா மனுசன் கை படாது பாத்தீயளா."

"மனுசன் கை படாமப் பொறந்த ஆடு ஒண்ணு சீமையில இருக்கு. அந்தப் பையனுக்கு அதையே முடிக்கச் சொல்லும்."

தரகர் சிரிக்காமல் போனார். அன்று மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி பிரம்மநாயகி அக்காவின் குரல் மாடிப்படிவரை வந்தது. "ஒங்க நக்கலு ஊருக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா, அத மறந்துராதீக."

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "வெங்கட்ரமணா, கூட வாரும். எனக்குத் தனியா அந்த எடத்துக்குள்ள நுழையக் கூச்சமா இருக்கு."

அந்த இடம் சந்திப் பிள்ளையார் முக்குப் பக்கம் ஹாஜா நடத்திய கம்ப்யூட்டர் சென்டர். ஹாஜா மேலப்பாளையத்துப் பையன். கல்யாணப் பத்திரிகை, கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட், ஜாதகம் மூன்றும் அங்கே அடித்துக் கிடைக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் ஏசிக் குளிர். திரைக்குத் துணி உறை, உறைக்கு மேலே ஊதுவத்தி வாசம்.

"ஏம்டே ஹாஜா, உனக்கு நட்சத்திரம்லாம் தெரியுமா?"

"எனக்குப் பட்டன் தெரியும் அண்ணாச்சி. நட்சத்திரம் ஃபிளாப்பிக்குத் தெரியும்."

இந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஹாஜா கேட்கக் கேட்க இவர் சொன்னார். பெயர். பிறந்த ஊர் சேரன்மகாதேவி. பிறந்த தேதியை இங்கிலீஷில் கேட்டான். மதுமதி பிறந்ததைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு வந்தால் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஐப்பசி அடைமழை, வியாழக்கிழமை ராத்திரி மூணு மணி. அந்த வியாழக்கிழமைக்கு என்ன இங்கிலீஷ் தேதியோ அதைச் சொன்னார்.

"நேரம்?"

"ராத்திரி மூணு."

"அப்ப ஏ.எம்."

"என்ன எம்மோ போடும். நமக்கு ராத்திரி மூணு."

பிரிண்டர் பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் போட்டு, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளை நீளமாகத் துப்பியது. "வெளக்கெண்ணெ குடிச்ச பிள்ளை மாதிரிலாடே முனங்குது" என்றார் அண்ணாச்சி. தாளை அவர் வாசிக்கவில்லை. "இதுல என்ன இருக்கப்போவுது, நமக்குத் தெரியாதது?" அப்படியே மடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தரகர் கையில் கொடுத்துவிட்டார். தரகர் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். இந்த இடம் தட்டிப்போனாலும் இன்னொரு இடத்துக்கு ஆகுமே என்று.

அடுத்த வாரம் தரகர் வந்தபோது முகமே சரியில்லை.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு ஆயில்யமாமே. மகம்னுல்லா சொன்னீய."

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆயில்யத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்று ஒரு பயம் உண்டு. படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு வேறு பெண் பார்ப்பார்கள். கோமு ஆச்சிக்குப் புருஷன் இல்லை, இருப்பது ஒரே மகன். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் அவன்கூட இருக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அண்ணாச்சி கடையை அப்படியே விட்டுவிட்டு, பழைய கையெழுத்து ஜாதகத்தோடு ஹாஜாவிடம் ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். ஹாஜா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன்தான் கண்டுபிடித்தான் என்று சொல்லமுடியாது. மூன்று பேருமாகத் தடவித் தடவி வந்து சேர்ந்தோம்.

நமக்குச் சூரியன் உதித்தால்தான் மறுநாள். வியாழக்கிழமை ராத்திரி மூணு மணி என்றால் வெள்ளி விடிவதற்கு முந்தைய மூணு மணி. கம்ப்யூட்டருக்கு வியாழக்கிழமை மூணு மணி ஏ.எம். என்றால் புதன் ராத்திரி முடிந்து வியாழன் விடிகிற மூணு மணி. முழுசாக ஒரு நாள் முந்திப்போய்விட்டது. முந்தின நாள் அந்த நேரத்துக்கு ஆயில்யம்தான்.

"நீங்க சொன்னதத்தான அண்ணாச்சி அடிச்சேன்" என்றான் ஹாஜா. "எங்களுக்குப் பொழுது அடைஞ்சா மறுநாள். உங்களுக்குப் பொழுது விடிஞ்சா மறுநாள். இவனுக்கு நடுராத்திரி பன்னெண்டுக்கு மறுநாள். எல்லாரும் தூங்குத நேரமாப் பாத்து இவன் நாளை மாத்திருதான்."

வேறு நாளாயிருந்தால் இந்தப் பேச்சை அண்ணாச்சி ஒரு மாதத்துக்கு வைத்து ஓட்டியிருப்பார். "திருத்தி அடிடே" என்றார். அவ்வளவுதான். ஹாஜா காசு வாங்கவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாக நின்று வாசித்தார். மகம். சிம்ம ராசி. எல்லாம் சரியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ் ஏறினோம். தரகர் மூலமாகப் போனால் பேச்சு திரிந்துவிடும், நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை. சேரன்மகாதேவி வந்தபோது மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நடவு முடிந்த வயல்கள். அதில் எது அவர் வீட்டு வயலாக இருந்தது என்று நான் கேட்கவில்லை. வீரவநல்லூரில் ஒரு புதுப் பலகை: 'இங்கு கம்ப்யூட்டரில் ஜாதகம் துல்லியமாகக் கணித்துத் தரப்படும்.' பார்த்தும் பார்க்காதவர் மாதிரி மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

கோமு ஆச்சி வீட்டில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. காப்பி வந்தது, முறுக்கு வந்தது. குமரகுருபரனும் லீவில் வந்திருந்தான். கண்ணாடி போட்ட, மெலிந்த, நல்ல பையன். அண்ணாச்சி இரண்டு தாளையும், பழைய ஜாதகத்தையும் விரித்து, நாள் எப்படி மாறிப்போயிற்று என்று பொறுமையாகச் சொன்னார். கடையில் பேசும் குரலே இல்லை அது. பரீட்சை எழுதுகிற மாதிரி பேசினார்.

குமரகுருபரன் தாளை வாங்கிப் பார்த்தான். "மாமா சொல்லுதது சரிதாம்மா. நாம தேதிய மாத்திக் குடுத்தா மெஷின் மாத்தித்தான் சொல்லும். நாம குடுக்கததத்தான் அது கணக்குப் போடும்."

எனக்கு மூச்சு வந்தது. அண்ணாச்சி முறுக்கில் ஒரு துண்டு ஒடித்தார்.

கோமு ஆச்சி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ மெஷினும் நாம சொல்லதத்தான் சொல்லுமாலே?"

"ஆமாம்மா."

"அப்படின்னா மொதல்ல வந்தது, அண்ணாச்சி ஒண்ணும் நெனையாமச் சொன்னது. ரெண்டாவது வந்தது, நான் வேண்டாம்னு சொன்ன பொறவு போயிச் சொன்னது." அவள் குரலில் குத்தலே இல்லை. நிஜமாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தாள். "கையெழுத்த மாத்திரலாம்னுதான் மெஷின் கேட்டேன். மெஷினையும் மாத்திரலாம்னு இப்ப நீங்களே சொல்லுதீய. நான் எத நம்பட்டும் அண்ணாச்சி?"

"பழைய ஜாதகம் இருக்கே ஆச்சி. அவ பொறந்தன்னைக்கு எழுதுனது."

"அது மகம்னு இருக்குன்னுதான நீங்க ரெண்டாவதும் மகம்னு வாங்கிட்டு வந்திருக்கீய."

அண்ணாச்சி குமரகுருபரனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இதற்குப் பதில் தெரிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்கு வெளங்குது மாமா. ஆனா அம்மா மனசுல விழுந்துட்டுல்லா. நாளைக்கு ஒரு தலைவலின்னாலும்..." என்று நிறுத்திக்கொண்டான். தாள்களை நேராக அடுக்கித் திருப்பிக் கொடுத்தான். ரொம்ப நேர்த்தியாக அடுக்கினான்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள் ஆச்சி. "பையப் போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி சொன்னார், "அவ பேசுனதுல தப்பே இல்லவே. நானா இருந்தாலும் அப்படித்தான் கேப்பேன்." தப்பு இருந்திருந்தால் திரும்பிப் போய் இன்னொரு தடவை பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் ஜெராக்ஸ் மெஷின் செய்த வேலை. தரகர் எடுத்த நகல் தென்காசிக்குப் போயிருந்தது, பாளையங்கோட்டைக்குப் போயிருந்தது, அங்கே ஒருவர் இன்னொருவருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். எங்கே கேட்டாலும் "ஆயில்யத்துப் பொண்ணுதான, தச்சநல்லூர்?" என்றார்கள். இவர் திருத்தின தாளைக் காட்டக் காட்ட, 'திருத்தினார்' என்கிற பேச்சும் கூடவே போயிற்று. தகப்பன் மருந்துக்கடை, எந்தத் தாளையும் சொல்லி எழுதி வாங்கிவிடுவார் என்று யாரோ சொன்னதாகவும் காதில் விழுந்தது.

தரகர்கள் இப்போது ஒரே மாதிரியான இடங்களைத்தான் கொண்டுவந்தார்கள். தாயார் இல்லாத மாப்பிள்ளைகள். ஆயில்யத்துக்கு அதுதான் வழி. மாமியார் போட்டோவில், மாலையோடு இருக்கவேண்டும்.

மதுமதி இதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே தடவை. என்னிடம் இரவல் வாங்கிப் போயிருந்த கவிதைப் பத்திரிகையை மாடிப்படியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். நான் ஏதோ ஹாஜாவின் மெஷினைத் திட்டினேன்.

"மெஷின் மேல தப்பில்ல. அப்பா குடுத்த தேதிக்கு அது சரியாத்தான் போட்டிருக்கு. அன்னைக்கு ஒருத்தி பொறந்திருந்தா, அவ ஜாதகம் அதுதான்" என்றாள். இரண்டு படி இறங்கி நின்றாள். "அவளுக்குத்தான் இப்ப எல்லாரும் மாப்பிள்ளை பாக்காங்க."

பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

தை பிறந்ததும் நாங்குநேரியிலிருந்து ஒரு இடம் வந்தது. உரக்கடை. நாற்பது வயது, மனைவி தவறிப்போய் மூன்று வருஷம், பிள்ளை இல்லை. தாயார் அவர் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அண்ணனும் மதினியும்தான் முன்னின்று பேசினார்கள். "எங்க வீட்டுல ஆயில்யத்துக்குத் தடையே இல்ல" என்று அந்த அண்ணன் ஏதோ பெரிய மனது செய்கிறவர் மாதிரி சொன்னார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து பிரம்மநாயகி அக்கா இருமினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மகம் என்று இப்போது சொன்னால், முன்னால் ஆயில்யம் என்று வந்ததற்கும் நடுவே திருத்தினதற்கும் சேர்த்துக் கதை சொல்லவேண்டிவரும். கதை சொன்ன இடங்களெல்லாம் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியும்.

பெண் பார்க்க வீட்டுக்கு வரவேண்டாம், நெல்லையப்பர் கோவிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். காந்திமதி அம்மன் சந்நிதியில் கூட்டம் இல்லாத நேரம். அந்தப் பக்கம் நாங்குநேரிக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். மாப்பிள்ளை தலைக்குச் சாயம் போட்டிருந்தார். காதோரம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மதுமதியை ஒரு தடவை பார்த்துவிட்டு, கூச்சத்தில் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அர்ச்சகர் தட்டை வாங்கினார். "யார் பேருக்கு?"

"மதுமதி" என்றார் அண்ணாச்சி.

"நட்சத்திரம்?"

அந்தக் கேள்விக்கு இருபத்தேழு வருஷமாக, மாசத்துக்கு ஒரு தடவையாவது, அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். யோசிக்காமல் வரும் பதில். ஆனால் நாங்குநேரி அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார். காது கொடுத்துக் கேட்பதற்காக வந்தாரோ, கற்பூரத்துக்காக வந்தாரோ, தெரியாது. அண்ணாச்சியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அம்மனைப் பார்த்தார், அர்ச்சகரைப் பார்த்தார்.

"நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் அர்ச்சகர் மறுபடியும். பின்னால் வேறு யாரோ தட்டோடு வந்துவிட்டார்கள்.

"ஆயில்யம்" என்றாள் மதுமதி.

அர்ச்சகர் தலையாட்டிவிட்டு, அவள் பெயரோடு அதைச் சேர்த்து அம்மனிடம் சொல்ல ஆரம்பித்தார். கடக ராசி என்பதை அவரே போட்டுக்கொண்டார். அண்ணாச்சி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி நின்றார். மணி அடித்து ஓய்ந்த பிறகும் கையை இறக்கவில்லை. பிரம்மநாயகி அக்கா முழங்கையைத் தொட்டதும்தான் இறக்கினார்.